தொழிற்கல்வி ஆசிரியரை மாணவர் வளர்ச்சியால் அளத்தல் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஆசிரியருக்கும் மாணாக்கருக்கும் இலக்கணம் வகுத்த மரபு தமிழ் மரபு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், நல்லாசிரியரை நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றோடு ஒப்பிடுகிறது. ஆசிரியராகத் தகாதவரைக் கழற்பெய்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்பவற்றோடு ஒப்பிடுகிறது. மாணாக்கரையும் தலை, இடை, கடை எனப் பகுத்து உவமை காட்டுகிறது. இவ்விரு இலக்கணங்களும் தனித்தனியே நிற்பது இங்கு நோக்கத்தக்கது. மாணாக்கன் ஒருவன் இல்லிக்குடம் போன்றவனாக இருப்பின், அக்குறை ஆசிரியர் கணக்கில் எழுதப்படவில்லை.

அதே பாயிரம் மற்றொரு கருத்தையும் கூறுகிறது. ஆசிரியர் உரைப்பதை நன்கு கொண்டாலும் மாணாக்கன் பெறுவது கால்பங்கு புலமையே. உடன் பயில்வோருடன் பழகுவதால் ஒரு கால்பங்கு கிட்டும். தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கு நிறைவுறும் என்பது அதன் கருத்து. கற்றலில் ஆசிரியரின் பங்கு எவ்வளவு என்ற வினாவைத் தமிழ் இலக்கண நூல் ஒன்று எழுப்பி, அதற்கு ஒரு பின்ன விடையும் தந்திருப்பது வியப்பிற்குரியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் மேலைநாட்டு அரசுகள் இவ்வினாவை வேறு நோக்கில் எழுப்பின. மாணவர் பெற்ற கல்வியை அளந்து, அவ்வளவைக் கொண்டு ஆசிரியரின் தகுதியையும் ஊதியத்தையும் முடிவு செய்ய இயலுமா என்பதே அவற்றின் வினா. பொதுக்கல்வியில் இம்முயற்சியின் வரலாறு பலரால் ஆராயப்பட்டுள்ளது. தொழிற்கல்வி ஆசிரியர் இதில் எவ்வாறு அகப்பட்டார் என்பது அத்துணை கவனம் பெறவில்லை. இங்கிலாந்தில் தொடங்கி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் விரிந்த அவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. முடிவை மட்டும் அளந்த முறையும், தொடக்கத்திற்கும் முடிவிற்கும் இடையிலான வளர்ச்சியை அளந்த முறையும் ஏட்டுத் தேர்வையே அடித்தளமாகக் கொண்டன என்பதும், கைத்திறனை அளக்கத் தொழிற்கல்வி தன்னகத்தே கொண்டிருந்த முறைகள் ஆசிரியர் மதிப்பீட்டில் உரிய இடம் பெறவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

இங்கிலாந்தில் தேர்ச்சிக்கேற்ற ஊதியம்

மாணவர் தேர்ச்சிக்கேற்ப ஆசிரியருக்கு ஊதியம் என்னும் முறை 1862ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட விதித்தொகுப்போடு தொடங்கியது என்றே பலரும் எழுதுவர். ராபர்ட் லோ என்பவர் கல்விக் குழுவின் துணைத் தலைவராக இருந்தபோது கொணர்ந்த அவ்விதித்தொகுப்பு, தொடக்கப் பள்ளிகளுக்கான அரசு மானியத்தை மாணவர் வருகையோடும், படித்தல், எழுதுதல், கணக்கு ஆகிய மூன்று பாடங்களில் அவர்கள் பெறும் தேர்ச்சியோடும் பிணைத்தது. வருகைக்கு நான்கு ஷில்லிங். தேர்ச்சிக்கு எட்டு ஷில்லிங். ஒரு பாடத்தில் தவறினால் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்ஸ் கழிக்கப்பட்டது. பள்ளிக்கு வரும் ஆய்வாளர் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே சோதித்தார். அவர் குறித்த குறிப்பே பள்ளியின் வருவாயையும், அதன் வழியே ஆசிரியரின் ஊதியத்தையும் முடிவு செய்தது.

ஆயினும் தொழில்நுட்பக் கல்வி சார்ந்த துறையில் இம்முறை அதற்கு முன்பே வேரூன்றிவிட்டது. தென் கென்சிங்டனில் இயங்கிய அறிவியல் கலைத் துறை 1859ஆம் ஆண்டிலேயே, உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த மாணவர் அறிவியல் தேர்வில் பெறும் தேர்ச்சிக்கேற்ப அவர்தம் ஆசிரியருக்குப் பணம் வழங்கும் திட்டத்தை வகுத்தது. எந்திர வரைபடம், கட்டுமானம், வேதியியல், உலோகவியல் போன்ற பாடங்கள் மாலை வகுப்புகளில் கற்பிக்கப்பட்டன. நாடு முழுவதும் ஒரே வினாத்தாள் அனுப்பப்பட்டது. விடைத்தாள்கள் தலைநகரில் திருத்தப்பட்டன. ஆசிரியரின் வகுப்பறையை நேரில் காணாமலேயே அவருக்குரிய தொகையை அரசு கணக்கிட்டுவிடலாம். நிருவாகத்திற்கு இதனினும் எளிய முறை வேறில்லை.

இவ்வெளிமைக்குள் இருந்த குறையை விளக்க ஒரு சான்று போதும். பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளராகிய எச். ஜி. வெல்ஸ் 1883ஆம் ஆண்டு மிட்ஹர்ஸ்ட் இலக்கணப் பள்ளியில் இளம் உதவியாசிரியராகச் சேர்ந்தார். அங்கு மாலை வகுப்புகள் பெயரளவில் நடந்தன. தலைமையாசிரியர் கற்பிப்பவராகப் பதிவு செய்யப்பட்டிருந்தார்; வெல்ஸோ பாடநூல்களைத் தாமே படித்துத் தேர்வுக்குத் தேர்வு எழுதி உயர்தரத் தேர்ச்சி பெற்றார். அத்தேர்ச்சிகளுக்குரிய தொகை தலைமையாசிரியருக்குச் சேர்ந்தது. அத்தேர்ச்சிகளாலேயே வெல்ஸ் 1884இல் தென் கென்சிங்டன் அறிவியல் பயிற்சிக் கல்லூரியில் இடம்பெற்று, தாமஸ் ஹக்ஸ்லியிடம் பயின்றார். தம் வாழ்க்கை வரலாற்று நூலில் அவரே இதனைப் பதிவு செய்துள்ளார். மாணவர் கற்றது உண்மை, தேர்வு நேர்மையானது, தேர்ச்சி உயர்ந்தது. ஆனால் அவற்றைக் கொண்டு ஆசிரியர் கற்பித்தார் என முடிவு செய்தது பிழை. பின்னர் வந்த அளவீட்டு முறைகள் அனைத்தையும் தொடர்ந்து வந்த சிக்கல் இதுவே.

இரண்டாவது குறை பாடத்தின் இயல்பைப் பற்றியது. எந்திர வரைபடத்தை வினாத்தாளில் சோதிக்கலாம். அரம் பிடித்து இரும்பைச் சமப்படுத்தும் கையின் பழக்கத்தை வினாத்தாளில் சோதித்தல் இயலாது. எனவே பணம் கிடைக்கும் பகுதி ஏட்டுப் பகுதியாகவும், பணம் கிடைக்காத பகுதி பட்டறைப் பகுதியாகவும் பிரிந்தது. தொழில் செய்வோருக்கென ஏற்பட்ட கல்வி, தொழிலைப் பற்றிய கல்வியாக மாறும் போக்கிற்கு இது துணைசெய்தது எனலாம்.

பள்ளி ஆய்வாளராகவே பணியாற்றிய கவிஞர் மேத்யூ ஆர்னால்டு இம்முறையைத் தொடக்கம் முதலே எதிர்த்தார். பள்ளியின் உயிர்ப்பை இது குறைக்கிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. தொடக்கப் பள்ளிகளில் இம்முறை 1890களில் படிப்படியாகக் கைவிடப்பட்டது. அறிவியல் கலைத் துறையும் அந்நூற்றாண்டின் இறுதியில் புதிய கல்வி வாரியத்தோடு இணைந்து மறைந்தது.

சென்னை மாகாணத்தில் அதன் நிழல்

இம்முறை கடல் கடந்து சென்னை மாகாணத்தையும் அடைந்தது. 1860களில் இங்கும் தேர்ச்சி மானியம் நடைமுறைக்கு வந்தது. திண்ணைப் பள்ளிகளைத் தன் ஆய்விற்குள் கொண்டுவர விரும்பிய அரசுக்கு அது ஏற்ற கருவியாயிற்று. ஆய்வாளர் வரும் நாளில் பிள்ளைகள் குறித்த பாடங்களில் தேறினால் திண்ணை ஆசிரியருக்குத் தொகை கிடைக்கும். எண்சுவடி, சிற்றிலக்கியம் என ஊரின் தேவையை ஒட்டி நடந்த கல்வி, மானிய விதியில் குறித்த பாடங்களை நோக்கித் திரும்பியது. 1882இல் அமைக்கப்பட்ட ஹண்டர் குழு இம்முறையை விரிவாக ஆராய்ந்து, தொடக்கக் கல்விக்கு ஏற்றது என்றும் உயர்கல்விக்கு ஏலாது என்றும் கருதியது. கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைத் தீர்மானத்தோடு இம்முறைக்கு அரசின் ஆதரவு முடிவுற்றது. இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஒருசேரக் கைவிடப்பட்ட ஒரு கருத்து, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டிற்குப் பின் அமெரிக்காவில் புதிய கணித வடிவில் மீண்டும் தோன்றியது. அதனை அறியுமுன் அமெரிக்கத் தொழிற்கல்வி வளர்ந்த முறையைக் காணல் வேண்டும்.

அமெரிக்கத் தொழிற்கல்வியும் அதன் சொந்த அளவுகோல்களும்

1917ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் குடியரசுத் தலைவர் வில்சன் கையொப்பமிட்ட ஸ்மித்–ஹியூஸ் சட்டம், வேளாண்மை, மனையியல், கைத்தொழில் ஆகிய துறைகளில் பள்ளிநிலைத் தொழிற்கல்விக்குக் கூட்டரசின் நிதியை வழங்கியது. அச்சட்டத்தின் இரண்டு விதிகள் நம் ஆய்விற்கு இன்றியமையாதவை. கைத்தொழிற் பள்ளிகளில் பயிற்று நேரத்தில் பாதியேனும் பயனுள்ள செய்முறைப் பணிக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது ஒன்று. வேளாண் மாணவர் ஆண்டிற்கு ஆறு மாதமேனும் மேற்பார்வையின்கீழ்ப் பண்ணைப் பணி செய்ய வேண்டும் என்பது மற்றொன்று.

பின்னைய விதிக்கு முன்னோடியாக அமைந்தவர் ரூஃபஸ் ஸ்டிம்சன். மாசசூசெட்ஸ் மாநிலம் நார்தாம்ப்டனில் 1908இல் திறக்கப்பட்ட ஸ்மித் வேளாண் பள்ளியில் அவர் வீட்டுப் பண்ணைத் திட்ட முறையை நடத்தினார். மாணவர் தம் வீட்டு நிலத்திலோ கொட்டிலிலோ ஒரு பணியை மேற்கொண்டு, செலவு, உழைப்பு, வரவு ஆகியவற்றைக் கணக்கில் எழுதுவர். ஆசிரியர் பண்ணைக்கே சென்று கண்டு வழிகாட்டுவார். பருவத் தொடக்கத்தில் இருந்த நிலையும் இறுதியில் அடைந்த நிலையும் அக்கணக்கேட்டில் அருகருகே நின்றன. மாணவர் வளர்ச்சி என்று இன்று வழங்கும் கருத்து, அப்பெயர் பெறாமலேயே அங்கு நடைமுறையில் இருந்தது எனலாம். ஆனால் அக்கணக்கேடு மாணவரின் கற்றலுக்கு உதவ ஏற்பட்டது. ஆசிரியரைத் தரப்படுத்தும் கருவியாக அது கருதப்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொழிற்கல்வியை மதிப்பிடும் அளவுகோல் பெரும்பாலும் வேலைவாய்ப்பே. 1976ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இதனை வெளிப்படையாக்கியது. பயிற்சி முடித்தோர் அப்பயிற்சிக்குரிய தொழிலில் வேலை பெற்றனரா, வேலை தருவோர் அவர்களை நன்கு பயிற்றப்பட்டோராகக் கருதுகின்றனரா என்பவை திட்ட மதிப்பீட்டின் கூறுகள் ஆயின. இவ்வளவுகோலுக்கும் ஒரு குறையுண்டு. ஊரில் ஆலை மூடப்படின், திறமை மிக்க ஆசிரியரின் மாணவரும் வேலையின்றி நிற்பர். கட்டுமானப் பணி பெருகும் காலத்தில் அரைகுறைப் பயிற்சி பெற்றோரும் வேலை பெறுவர். சந்தையின் ஏற்ற இறக்கம் ஆசிரியரின் உழைப்பை மறைத்துவிடும்.

1984இல் கார்ல் பெர்கின்ஸ் பெயரால் அமைந்த தொழிற்கல்விச் சட்டம் 1990, 1998, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டுச் சட்டம், மாநிலங்கள் அடைவுத் தரங்களையும் அளவுகளையும் வகுக்க வேண்டும் என்றது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் தொழில்நுட்பத் திறன் அடைவைத் தனிக் குறியீடாக்கியது. இவை அனைத்தும் மாநிலத்தையும் பள்ளித் திட்டத்தையும் பொறுப்பாக்கின. தனியொரு ஆசிரியரைப் பொறுப்பாக்கும் முயற்சி பொதுக்கல்வியின் பக்கத்திலிருந்து வந்தது.

வளர்ச்சி என்னும் புதிய அளவு

டென்னசி பல்கலைக்கழகத்தில் வேளாண் ஆய்வுகளுக்குப் புள்ளியியல் துணைபுரிந்தவர் வில்லியம் சாண்டர்ஸ். கால்நடை இனப்பெருக்க ஆய்வில் வழங்கிய புள்ளியியல் மாதிரி ஒன்றை 1980களில் அவர் பள்ளித் தேர்வு மதிப்பெண்களுக்குப் பொருத்திக் காட்டினார். ஒரு காளையின் தரத்தை அதன் பெண்கன்றுகள் பின்னர் தரும் பாலின் அளவைக் கொண்டு கணிக்கும் துறையில் வளர்ந்த கணிதம் அது. தீவனம், தட்பவெப்பம், பண்ணை மேலாண்மை ஆகியவற்றின் விளைவை நீக்கி, எஞ்சுவதைக் காளைக்குரியதாகக் கொள்வர். அவ்வாறே மாணவரின் முந்தைய ஆண்டு மதிப்பெண்களைக் கொண்டு இவ்வாண்டு எதிர்பார்க்கத்தக்க மதிப்பெண்ணைக் கணித்து, உண்மையில் பெற்ற மதிப்பெண்ணுக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை ஆசிரியருக்குரியதாகக் கொள்வது இம்முறை. டென்னசியின் 1992ஆம் ஆண்டுக் கல்வி மேம்பாட்டுச் சட்டம் இதனை ஏற்றது. மதிப்புக்கூட்டு முறை என்னும் பெயர் இதற்கு வழங்கலாயிற்று.

தேர்ச்சிக்கேற்ற ஊதிய முறையோடு ஒப்பிட இது நேர்மையான முன்னேற்றம் என்பதை மறுத்தல் இயலாது. லோவின் விதித்தொகுப்பு, ஏழைப் பிள்ளைகள் நிறைந்த பள்ளியையும் வசதியுள்ளோர் பள்ளியையும் ஒரே கோட்டில் நிறுத்தியது. சாண்டர்ஸ் முறையோ ஒவ்வொரு மாணவரும் எங்கிருந்து புறப்பட்டார் என்பதைக் கேட்டது. தாழ்ந்த நிலையிலிருந்து வந்த மாணவரைச் சிறிது உயர்த்திய ஆசிரியரும் இதில் மதிப்புப் பெற இயலும்.

2002ஆம் ஆண்டு சனவரியில் சட்டமான எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது என்னும் கல்விச் சட்டம், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படித்தலிலும் கணிதத்திலும் ஆண்டுத்தேர்வைக் கட்டாயமாக்கியது. அதனால் நாடெங்கும் மதிப்பெண்கள் குவிந்தன. 2009இல் அறிவிக்கப்பட்ட 435 கோடி டாலர் மதிப்புள்ள முன்னிலைக்கான போட்டித் திட்டம், ஆசிரியர் மதிப்பீட்டில் மாணவர் வளர்ச்சியை முக்கியக் கூறாக்கும் மாநிலங்களுக்கு முன்னுரிமை தந்தது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட காலப் புள்ளிகளுக்கிடையே ஒரு மாணவரின் அடைவில் ஏற்படும் மாற்றமே வளர்ச்சி என அத்திட்டம் வரையறுத்தது. 2010 மார்ச்சில் டெலவேரும் டென்னசியும் முதலில் நிதி பெற்றன. டென்னசி மாநிலம் ஆசிரியர் மதிப்பீட்டில் 50 விழுக்காட்டை மாணவர் அடைவுக்கு ஒதுக்கி, அதில் 35 விழுக்காட்டை வளர்ச்சிக்கு அளித்தது.

பட்டறையில் எழுந்த சிக்கல்

இங்கேதான் தொழிற்கல்வி ஆசிரியர் அகப்பட்டார். மதிப்புக்கூட்டு முறைக்கு, அதே பாடத்திலோ அதனோடு நெருங்கிய பாடத்திலோ முந்தைய ஆண்டுகளின் பொதுத்தேர்வு மதிப்பெண்கள் வேண்டும். பற்றவைப்புப் பயிலும் மாணவருக்கு முந்தைய ஆண்டுப் பற்றவைப்பு மதிப்பெண் ஏது? வாகனப் பழுதுநீக்கம், தச்சு, சமையற்கலை, செவிலியர் உதவி என ஒவ்வொரு தொழிலுக்கும் தேர்வு வேறு; அளவுகோல் வேறு. பட்டறை வகுப்பில் பாதுகாப்புக் கருதி மாணவர் எண்ணிக்கை குறைவாகவே வைக்கப்படும். எண்ணிக்கை குறையக் குறையப் புள்ளியியல் கணிப்பின் உறுதியும் குறையும். தொழிற்சான்றிதழ்த் தேர்வுகளோ பயிற்சியின் இறுதியில் வருபவை. அவை பெரும்பாலும் தேறினார், தேறவில்லை என்னும் இரண்டே விடை தருபவை. தொடக்கப் புள்ளி இன்றி முடிவுப் புள்ளி மட்டும் இருந்தால் வளர்ச்சியைக் கணக்கிட இயலாது.

மாநிலங்கள் இதற்கு இருவகைத் தீர்வுகளைக் கண்டன. முதலாவது, பள்ளி முழுவதற்குமான மதிப்பெண்ணைத் தனித்தேர்வு இல்லாத ஆசிரியர் அனைவருக்கும் பொதுவாக வழங்குதல். டென்னசி இதனைக் கையாண்டது. தச்சுப் பட்டறை ஆசிரியரின் மதிப்பீட்டில் ஒரு பகுதியை, அவர் ஒருபோதும் கற்பிக்காத கணித வகுப்பின் முடிவு தீர்மானிக்கும் நிலை இதனால் உருவாயிற்று. மிட்ஹர்ஸ்ட் தலைமையாசிரியர் கற்பிக்காமலேயே பலன் பெற்றார். இவ்வாசிரியரோ கற்பிக்காத பாடத்திற்காகப் பழியும் பெறலாம். தீங்கின் திசை மாறியதேயன்றித் தவறு மாறவில்லை.

இரண்டாவது, மாணவர் கற்றல் இலக்கு முறை. 1999இல் டென்வர் நகரப் பள்ளி நிருவாகமும் ஆசிரியர் சங்கமும் உடன்பட்டு நடத்திய முன்னோட்டத் திட்டத்தில் இம்முறை உருப்பெற்றது. 2010க்குப் பின் ஒகையோ, ஜார்ஜியா, ரோட் ஐலண்டு முதலிய பல மாநிலங்களில் இது பரவியது. ஆசிரியர் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு முன்தேர்வு நடத்தி மாணவர் நிலையை அறிவார். ஆண்டு இறுதியில் அவர்கள் எட்டவேண்டிய இலக்கை எழுதி ஒப்புதல் பெறுவார். இறுதித் தேர்வில் எத்தனை மாணவர் இலக்கை எட்டினர் என்பது அவருடைய வளர்ச்சி மதிப்பெண் ஆகும்.

தன் மாணவரை அறிந்த ஆசிரியரே இலக்கை வகுப்பது இம்முறையின் சிறப்பு. ஆயினும் பட்டறையில் இது மூன்று இடர்களைச் சந்திக்கிறது. ஒன்று, தொடக்க நிலை. பயிற்சியின் முதல் நாளில் மாணவர் கையில் வெட்டுச்சுடரைத் தந்து உலோகத்தை அறுக்கச் சொல்லி முன்தேர்வு நடத்த எந்த ஆசிரியரும் துணியார். ஆகவே முன்தேர்வு எழுத்துத்தேர்வாக அமையும். முன்தேர்வு எழுத்தாக அமைந்தால், ஒப்பிடத்தக்க பின்தேர்வும் எழுத்தாகவே அமைய வேண்டும். அறிவியல் கலைத் துறையின் காலத்தில் கைத்திறன் வினாத்தாளுக்கு வெளியே நின்றது போலவே, இங்கும் கைத்திறன் அளவீட்டிற்கு வெளியே நின்றுவிடுகிறது.

இரண்டு, பூச்சியத்திலிருந்து தொடங்கும் வளர்ச்சி. கருவிகளின் பெயரையே அறியாத மாணவர் ஆண்டு இறுதியில் அவற்றின் பெயரைச் சொன்னாலும் மதிப்பெண் பெருமளவு உயரும். அவ்வுயர்வு நல்ல கற்பித்தலையும் சராசரிக் கற்பித்தலையும் வேறுபடுத்திக் காட்டாது. மூன்று, இலக்கை வகுப்பவரும் அதனால் மதிப்பிடப்படுபவரும் ஒருவராக இருத்தல். உயர்ந்த இலக்கை வைக்கும் ஆசிரியர் தவறவும், தாழ்ந்த இலக்கை வைப்பவர் வெல்லவும் இதில் இடமுண்டு. ஓர் எண் சமூக முடிவுகளுக்குப் பயன்படும் அளவு மிகுமாயின், அவ்வெண்ணே திரிபடைவதும் மிகும் என 1970களில் அமெரிக்கச் சமூக அறிவியலறிஞர் டொனால்டு காம்ப்பெல் கூறிய கருத்து இங்கு நினைக்கத்தக்கது.

இதே காலத்தில் பிறிதொரு வழியும் திறக்கப்பட்டது. டென்னசியின் மெம்ஃபிஸ் நகரில் கலைப்பாட ஆசிரியர்கள், பள்ளி மதிப்பெண்ணால் தாம் மதிப்பிடப்படுவதை ஏற்காது, 2011ஆம் ஆண்டளவில் படைப்புத் தொகுப்பு முறையை உருவாக்கினர். மாணவர் இரு வேறு காலங்களில் செய்த ஓவியங்களும் இசைப் பதிவுகளும் தொகுக்கப்பட்டு, அக்கலையை அறிந்த பிற ஆசிரியரால் மதிப்பிடப்பட்டன. தொழிற்கல்விக்கு இது மிகவும் பொருந்துவது. முதல் மாதத்தில் செய்த மூட்டையும் ஒன்பதாம் மாதத்தில் செய்த மூட்டையும் ஒரு மேசைமீது வைத்தால், தச்சரின் கண் வளர்ச்சியைக் கண்டுகொள்ளும். பழைய பண்ணைக் கணக்கேட்டின் நெறியும் இதுவே. ஆனால் இம்முறைக்கு நேரம் வேண்டும். தொழிலறிந்த மதிப்பீட்டாளர் வேண்டும். அவர் கூற்றை நம்பும் மனம் நிருவாகத்திற்கு வேண்டும். கணினி தரும் எண்ணோடு ஒப்பிட இது செலவு மிக்கது. அதனாலேயே பரவலாக ஏற்கப்படவில்லை எனக் கருதலாம்.

வழக்குகளும் பின்வாங்கலும்

ஃபுளோரிடாவில் 2013ஆம் ஆண்டு ஆசிரியர் சிலர், தாம் கற்பிக்காத மாணவர் மதிப்பெண்ணால் தாம் மதிப்பிடப்படுவதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அம்முறையின் நியாயமின்மையைச் சுட்டியது. ஆயினும் அரசியலமைப்பிற்கு முரணானதன்று எனத் தீர்ப்பளித்தது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. நியாயமற்றது எல்லாம் சட்டத்திற்குப் புறம்பானதாக ஆவதில்லை என்பதை இத்தீர்ப்பு உணர்த்தியது. ஹூஸ்டன் நகர ஆசிரியர் வழக்கில் 2017இல் வேறு கோணம் எழுந்தது. தம் மதிப்பெண் எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதை ஆசிரியர் சரிபார்க்க வழியில்லாமை, உரிய நடைமுறைக்கான உரிமையைப் பாதிக்கக்கூடும் என நீதிமன்றம் கருதி வழக்கைத் தொடர அனுமதித்தது.

அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2014 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை இவ்விவாதத்தில் குறிப்பிடத்தக்கது. மாணவர் மதிப்பெண்களில் காணும் வேறுபாட்டில் ஆசிரியரால் விளைவது 1 முதல் 14 விழுக்காடு வரையே எனப் பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக அது கூறியது. நன்னூலார் கூறிய கால்பங்கும் இவ்விழுக்காடும் ஒரே பொருளை அளப்பவை அல்ல. முன்னது ஒரு மாணாக்கன் பெறும் புலமையின் பங்கு. பின்னது மாணவரிடையே காணும் வேறுபாட்டின் பங்கு. எனினும் கற்றல் முழுவதையும் ஆசிரியர் ஒருவர் கணக்கில் வைத்தல் கூடாது என்னும் எச்சரிக்கை இரண்டிற்கும் பொது.

2015 திசம்பரில் இயற்றப்பட்ட ஒவ்வொரு மாணவரும் வெற்றி பெறுவர் என்னும் சட்டம், ஆசிரியர் மதிப்பீட்டு முறையைக் கூட்டரசு கட்டாயப்படுத்துவதைத் தடைசெய்தது. பல மாநிலங்கள் வளர்ச்சி மதிப்பெண்ணின் பங்கைக் குறைத்தன, சில கைவிட்டன. புதிய மதிப்பீட்டு முறைகளைப் பெரும்பொருட் செலவில் நடைமுறைப்படுத்திய மூன்று மாவட்டங்களையும் நான்கு பள்ளிக் குழுமங்களையும் ஆராய்ந்த ராண்ட் நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு அறிக்கை, மாணவர் அடைவில் எதிர்பார்த்த முன்னேற்றம் நிகழவில்லை என்று முடிவு கூறியது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, 1859இன் தேர்ச்சிப் பணமும் 2009இன் வளர்ச்சி மதிப்பெண்ணும் கணித வடிவில் வேறுபட்டாலும், வகுப்பறையைக் காணாமல் ஆசிரியரை அறியலாம் என்னும் நம்பிக்கையில் ஒன்றுபடுகின்றன. இரண்டாவதாக, வளர்ச்சியை அளத்தல் என்னும் கருத்து தவறானதன்று. மாணவர் எங்கிருந்து புறப்பட்டார் என்று கேட்பது முடிவை மட்டும் காண்பதினும் அறமுடையது. தொழிற்கல்வியில் அக்கேள்விக்குரிய விடை வினாத்தாளில் இல்லை, செய்பொருளில் உள்ளது. மூன்றாவதாக, அவ்விடையைப் படிக்கவல்லவர் தொழிலறிந்த சக ஆசிரியரும் தொழில் செய்வோருமே. அவர்களை நீக்கிவிட்டு எண்ணை மட்டும் நம்பிய இடங்களிலெல்லாம், அளக்க எளியதே கற்பிக்கப்படும் பொருளாக மாறும் நெருக்கடி எழுந்தது.

இவ்வாய்வு நம் நாட்டிற்கும் தொடர்புடையது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளியிலும் உயர்கல்வியிலும் பயில்வோருள் பாதிப்பேருக்கேனும் 2025ஆம் ஆண்டிற்குள் தொழிற்கல்வி அறிமுகம் கிட்ட வேண்டும் என இலக்கு வைத்தது. ஆசிரியருக்கான தேசியத் தொழில்சார் தரங்களை வகுக்கவும் கூறியது. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில், தொழிற்கல்வி ஆசிரியரை எதனால் அளப்பது என்னும் வினா எழுவது இயல்பு. தேர்ச்சி மானியத்தை ஒருமுறை ஏற்றுக் கைவிட்ட நாடு இது. அந்தப் பட்டறிவும் அமெரிக்கர் பெற்ற பட்டறிவும் நம் முன் உள்ளன.

நன்னூல் நல்லாசிரியரைத் துலாக்கோல் என்றது. ஐயமறப் பொருளின் அளவை உணர்த்துவதும், இருபுறமும் சாயாது நடுநிற்பதும் அதன் இயல்புகள். இக்கால அரசுகள் அவ்வாசிரியரையே தட்டில் ஏற்றி நிறுக்க முற்படுகின்றன. நிறுத்தல் தவறன்று. நிறுக்கும் கோல் நிறுக்கப்படும் பொருளுக்கு ஏற்றதா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.